காத்தோங் அண்ணன் எழுதிய காகிதம்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இந்த ஊரில் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். பெயரை மறைப்பது அவர்களுக்காகத்தான், அவருக்காக இல்லை. நாங்கள் எல்லாரும் அவரைக் காத்தோங் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சிங்கப்பூரில் காத்தோங் பக்கம், சிலோன் ரோடு பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர். டவுனில் ஒரு வக்கீல் ஆபீஸில் கிளார்க். தமிழில் சொல்வதை இங்கிலீஷில் எழுதுவதும், இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டுவதும் அவர் வேலை.

அந்தக் காலத்தில் இங்கே எழுதின காகிதம் இந்தியாவில் செல்லுபடியாக வேண்டுமென்றால் பெரிய அலைச்சல். நோட்டரி வக்கீல் முன்னால் நின்று சத்தியம் செய்து கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அவர் ஒரு சிவப்பு வில்லையை ஒட்டி இரும்பு முத்திரையை வைத்து அழுத்துவார். அதற்குப் பிறகு இந்திய சர்க்கார் ஆபீஸுக்குப் போய் இன்னொரு முத்திரை வாங்க வேண்டும். ஊரில் நிலத்தைப் பிரிக்கிறார்கள், அப்பா செத்துப்போனார், தம்பிக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் குடியிருக்கிற சிராங்கூன் ரோட்டில் யாருக்காவது ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். எல்லாரும் காத்தோங் அண்ணனைத்தான் தேடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறி வாங்க வருகிறேன் என்று வருவார். வெள்ளைக் காற்சட்டை, மடித்த குடை, வாயில் ஒரு கிராம்பு. மளிகைக்கடை வாசலில், ஐந்தடிப் பாதை என்கிற கூரையுள்ள நடைபாதையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுப்பார்கள். ஆட்கள் வந்து சுற்றிலும் நின்றுகொள்வார்கள். யார் என்ன சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"நீங்கள் கண்டனீங்களோ?"

கண்ணால் பார்த்தீர்களா என்று அர்த்தம். எங்கள் பக்கத்துப் பையன்கள் அவருக்கு அதையே பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். ஒரு தடவை, மாடு வைத்துப் பால் கறந்து ஊற்றும் பெரியவர் ஒருவர், தஞ்சாவூரில் அண்ணன் வீட்டில் நிற்கிற பசுவைத் தன் மகள் பெயருக்கு எழுதிக் கொடுக்க வந்தார். அண்ணன் பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்தினார்.

"அந்த மாடு இப்ப உயிரோட நிக்குதெண்டு நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் ஊருக்குப் போயே பதினஞ்சு வருஷமாச்சுங்களே."

"அப்ப மாடு நிக்குதெண்டு எழுதேலாது. நிண்டா மகளுக்கு எண்டு எழுதுவம்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது வேடிக்கை இல்லை. தான் எழுதின காகிதத்தை எங்கேயோ ஒரு ஊரில், தன்னைப் பார்த்தே இராத ஒருவன் கையில் எடுத்து நம்பப் போகிறான் என்பது அவருக்கு எப்போதும் மனசில் இருந்தது. "முத்திரையை ஆரும் நம்பிறேல்லை பிள்ளை, முத்திரைக்கு மேல இருக்கிற வசனத்தைத்தான் நம்பிறாங்கள்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இந்த மனிதரைப் பற்றி நான் நியாயமாகச் சொன்னதாகாது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் புருஷனும் ஒருவன். திரும்பவே இல்லை. ஊரில் அவன் பங்கு நிலத்தைக் கொழுந்தன்மார் எழுதிக்கொள்ளப் பார்த்தார்கள். புருஷன் செத்துவிட்டான் என்று இவள் காகிதம் அனுப்பினால் மகனுக்கு நிலம் நிற்கும். அண்ணன் எழுத மாட்டேன் என்றுவிட்டார்.

"லொறியில ஏத்தினதைத்தானே கண்டனீங்கள். செத்ததைக் காணேல்லையே."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எங்களுக்கெல்லாம் அவர் மேல் கோபம். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. சயாமிலிருந்து திரும்பினவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு மாதக் கணக்கில் அலைந்தார். கடைசியில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் அவளுடைய புருஷனுக்குக் கடைசியாகத் தண்ணீர் கொடுத்தவர், மண்ணைத் தள்ளி மூடினவர். அவரை நோட்டரி முன்னால் நிறுத்தி அந்தக் காகிதத்தை எழுதினார் அண்ணன். நிலம் நின்றது. அதைவிட, புருஷன் எப்படிப் போனான் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லும் பெயர்களில் அண்ணன் பெயரும் ஒன்று.

எனக்கு அவர் பழக்கமானது என் அப்பா இறந்தபோது. அம்மாவுக்குக் காகிதமெல்லாம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். நான் ஒரே பெண், கூடப் பிறந்தவர்கள் இல்லை. சிராங்கூன் ரோடு கோயிலில் என் கல்யாணம் நடந்தபோது, அக்கினிக்கு முன்னால் பெண்ணின் கையில் பொரி எடுத்துப் போட அண்ணன் தம்பி யாராவது வாருங்கள் என்று ஐயர் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்தில் நின்ற இவர் காலுறையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு முன்னால் வந்தார். இரண்டு கையாலும் பொரியை அள்ளி என் கையில் போட்டார். அவர்கள் ஊரில் அப்படி உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அன்று முதல் எனக்கு ஒரு அண்ணன் கிடைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஐந்தடிப் பாதை வேலை முடிந்ததும் பஃப்ளோ ரோட்டில் எங்கள் மாடி அறைக்கு வந்துவிடுவார். ஞாயிறு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க். இரண்டு பேருக்கும் நல்ல பேச்சு. நான் வைக்கும் வத்தக்குழம்பு அவருக்குப் பிடிக்கும். "என்ரை மனுசிக்கு இந்தப் பக்குவம் வராது பிள்ளை" என்பார். பொங்கலுக்கு நாங்கள் காத்தோங் போவோம். அண்ணி தன் கையாலேயே எங்களுக்குப் பரிமாறுவார்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அண்ணன் ஒரு நாளும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

ஐம்பத்தாறாம் வருஷம் என்று நினைவு. ஐப்பசியில், ஊரில் தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்ததாகச் சொல்லி என் வீட்டுக்காரர் கப்பல் ஏறினார். வழியனுப்ப அண்ணனும் வந்தார். கப்பல் நகர்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் குடையை எனக்குப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார்.

"தைரியமா இரு பிள்ளை. ஊருக்குப் போட்டு வந்திடுவார்."

பஸ்ஸில் என்னை வீடு வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

மார்கழியில் ஒரு நாள் காலை, படியேறி ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஜொகூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி என்று சொன்னார். கையில் ஒரு கூடை ஆரஞ்சு. என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, "அவர் தங்கியிருக்கிற இடம் இதுதானேம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அவர் ஊருக்குப் போயிருக்காரு."

"தெரியும்மா. தை பொறந்தா என் தங்கச்சி மகளுக்கும் அவருக்கும் ஊர்ல கல்யாணம். என்னால போக முடியல. சரி, மாப்பிள்ளை இருக்கிற இடத்தையாவது பார்த்துட்டு வரலாம்னு வந்தேன். நீங்க இந்த வீட்டுச் சொந்தக்காரங்களா?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு இன்றும் நினைவில்லை. பக்கத்து அறை ஹலிமா அக்கா சொல்லித்தான் தெரியும். நான் தாலியை வெளியே எடுத்துக் காட்டிக்கொண்டு நின்றேனாம். அந்த மனிதர் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கு அங்கே ஒருத்தி இருந்தால் என்ன செய்வது, இந்தியாவின் புதுச் சட்டப்படி இந்தக் கல்யாணம் செல்லாதே என்று பெண்ணின் அப்பா பயந்திருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு முத்திரை போட்ட எழுத்து வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை தரப்பில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஊருக்கும் ஒன்றை மாமன்காரரான இவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

சிவப்பு வில்லை. இந்திய ஆபீஸ் முத்திரை. எத்தனையோ பேருடைய காகிதத்தில் நான் பார்த்ததுதான். கீழே இருந்த கையெழுத்தைப் படிக்க எனக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியிருக்கவில்லை.

"என்ன எழுதியிருக்கு? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க" என்றேன்.

அவர் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். இன்னாரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். நல்ல ஒழுக்கமுள்ளவர். இன்ன இடத்தில் வேலை. பஃப்ளோ ரோட்டில் இன்ன நம்பர் மாடியில் வசிக்கிறார். சிங்கப்பூர்க் காலனியில் அவர் பெயரில் பதிவு செய்யப்பட்ட திருமணம் எதுவும் இல்லை. இவையெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்கிறேன்.

அத்தனையும் உண்மைதான். கோயிலில் தாலி கட்டினவர்கள் யாரும் அப்போது பதிவு செய்துகொண்டதில்லை. யாரும் அதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. விலாசத்தைக்கூட அவர் மாற்றி எழுதவில்லை. வேறு யாராவதாக இருந்தால் ஒரு பொய் விலாசம் போட்டிருப்பார்கள், இந்த மனிதர் என் வாசலுக்கு வந்திருக்கவே மாட்டார். காத்தோங் அண்ணனுக்குப் பொய் விலாசம் எழுதக் கை வரவில்லை.

தேதியைக் கேட்டேன். ஆகஸ்ட் மாதம். அதற்குப் பிறகுதான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போனார். "இன்னும் கொஞ்சம் குழம்பு விடு பிள்ளை" என்றார். துறைமுகத்தில் எனக்குக் குடை பிடித்தார்.

ஜொகூர்க்காரர் நல்ல மனிதர். "நான் இன்னைக்கே தந்தி அடிக்கிறேன். ஆனா தந்தியை மட்டும் நம்ப மாட்டாங்கம்மா. மாமனுக்கு ஏதோ பொறாமைன்னுவாங்க. அவங்ககிட்ட முத்திரை போட்ட காகிதம் இருக்கு. நமக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்" என்றார்.

நான் நேரே டவுனுக்குப் போனேன். அதுவரை அந்த ஆபீஸுக்கு நான் தனியாகப் போனதில்லை. அண்ணன் என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அண்ணே, ஒரு காகிதம் எழுதணும்."

"எழுதுவம் பிள்ளை. என்ன விசயம்?"

"நான் எங்க வீட்டுக்காரருக்குப் பொண்டாட்டின்னு எழுதணும். எங்களுக்குக் கோயில்ல கல்யாணம் நடந்துச்சுன்னு. பார்த்தவங்க எழுதணுமாம். நீங்க பார்த்தீங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். வாயிலிருந்த கிராம்பைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"நான் பொய் எழுதேல்லை பிள்ளை."

"பொய்யா நெசமான்னு நான் கேக்கல. பார்த்தீங்களா இல்லையா?"

"உன்ரை மனுசன் வந்து அழுதவன். பிள்ளை இல்லை எண்டு. உன்னைக் கைவிடமாட்டன், ரெண்டு பேரையும் வைச்சுப் பாப்பன் எண்டு என்ரை காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணினவன். உனக்கும் பிற்காலத்துக்கு ஒரு பிள்ளை துணையாக இருக்குமெண்டு நினைச்சன்."

"அப்ப எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

அவர் மூடின பேனாவை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. இப்ப எனக்கு எழுதிக் கொடுங்க. உங்க கையெழுத்துன்னா அங்க உடனே நம்புவாங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த நேரத்தில்கூட எனக்கு நம்பிக்கை இருந்தது. எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அது ஏலாது பிள்ளை. ஒரு ஆளைப் பற்றி ரெண்டு காகிதத்தில ரெண்டு மாதிரி என்ரை கையெழுத்து இருக்கேலாது. பிறகு நான் இந்த மேசையில இருக்கேலாது."

நான் படியிறங்கி வந்துவிட்டேன். அவர் பின்னால் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஹலிமா அக்காவிடம் அரைகுறை மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். என் கல்யாணத்துக்கு வந்து பூ வைத்துக்கொண்டு போனவர் அவர். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் பெருநாளுக்கு உடுத்தும் பாஜுவை உடுத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கல்யாண மாலை கட்டின பூக்கடைப் பெரியவரும் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார். ஹை ஸ்திரீட் பக்கம் வேறொரு நோட்டரி. சீனர். மொழிபெயர்ப்புக்குச் சின்ன வயசுத் தமிழர் ஒருவர்.

நோட்டரி ஹலிமா அக்காவைத்தான் முதலில் கேட்டார். இந்தப் பெண்ணுக்குத் தாலி கட்டியதை நீங்களே பார்த்தீர்களா?

"சயா நம்பாக்" என்றார் அக்கா. நான் பார்த்தேன் என்று. சொல்லிவிட்டு, கேட்காமலேயே, என் கூறைப்புடவையின் நிறம், மாப்பிள்ளை வேட்டியின் கரை, ஒரு குழந்தை மேளத்தைக் கண்டு அழுதது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனார். நோட்டரி சிரித்துக்கொண்டே போதும் போதும் என்று கையைக் காட்டினார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

இந்திய ஆபீஸ் முத்திரையும் வாங்கி, ஜொகூர்க்காரர் அதை விமானத் தபாலில் அனுப்பினார். தை பிறந்தது. கல்யாணம் நடக்கவில்லை. பிறகு அந்தப் பெண்ணை வேறு நல்ல இடத்தில் கொடுத்தார்கள் என்று ஜொகூர்க்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் பங்குனியில் திரும்பி வந்தார். எங்கே போவார்? கொஞ்ச காலம் வெளி வராந்தாவில் படுத்தார். பிறகு உள்ளே வந்தார். இரண்டு வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அறுபதுகளில் இங்கேயும் புதுச் சட்டம் வந்து, பழைய கல்யாணங்களையும் பதிவு செய்துகொள்ளலாம் என்றதும், அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்தேன். அவரை நான் மன்னித்தேனா என்று கேட்டால், தெரியாது. அவரோடு வாழ்ந்தேன். அவர் பலவீனமானவர், அது எனக்கு முன்பே தெரியும். அதனால் பெரிதாக எதுவும் உடையவில்லை. அண்ணன் விஷயம் அப்படி இல்லை.

அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. ஒரு தீபாவளிக்கு என் வீட்டுக்காரரிடம் பனங்கட்டி கொடுத்தனுப்பினார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததாம். குப்பையில் போட மனசு வரவில்லை. பிரித்தும் பார்க்காமல் ஹலிமா அக்கா பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார். ஆட்கள் சுற்றி நின்றுகொண்டுதான் இருந்தார்கள். நான் எதிர்ப் பக்கமாகப் போய்விடுவேன். ஒரு நாள் கோயிலில், சயாமில் புருஷனை இழந்த அந்தப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "காத்தோங் அண்ணன் இல்லேன்னா எம்மவன் இன்னைக்குத் தெருவுல நிப்பான். மனுஷன் இல்லம்மா அவரு, தெய்வம்" என்றாள். அவள் சொன்னது அவளுக்கு உண்மை. நான் தலையை ஆட்டினேன். என்னுடைய கதையை அவளிடம் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். சொல்லி அவளுடைய தெய்வத்தைப் பறிக்கவும் எனக்கு மனமில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அறுபத்தாறோ அறுபத்தேழோ, அண்ணன் நெஞ்சு வலியில் கொஞ்ச நாள் படுத்திருந்து போய்விட்டார். என் வீட்டுக்காரர் போனார். நான் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைப் புடவை. மெலிந்துபோயிருந்தார். யாழ்ப்பாணத்தில் அண்ணனுடைய பங்கு வீட்டை அவர் தம்பி தரமாட்டேன் என்கிறாராம். அண்ணி அவருடைய சட்டபூர்வமான மனைவிதானா என்றே கேள்வி எழுப்பியிருக்கிறாராம். கல்யாணம் ஊரில் நடந்தது, கையில் காகிதம் எதுவும் இல்லை. இங்கே அவர்களைப் புருஷன் பெண்சாதியாக நெடுநாள் அறிந்தவர்கள் நோட்டரி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும்.

"எல்லாருக்கும் எழுதிக் குடுத்த மனுசன், வீட்டில ஒண்டும் எழுதி வைக்கேல்லை" என்றார். "நீ வருவியா பிள்ளை?"

நான் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். ஏன் போனேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த அம்மாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஒரு பெண்ணைப் பார்த்து நீ மனைவிதானா என்று கேட்கும்போது அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான் காரணம். 

நோட்டரி கேட்டார். சொன்னேன். இவர் அவருடைய மனைவி, எனக்கு நன்றாகத் தெரியும் என்று சத்தியம் செய்து தமிழில் கையெழுத்துப் போட்டேன். முத்திரை அழுத்தினார்கள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் படுக்கையில கிடக்கேக்கை சொன்னவர். எனக்குப் பிறகு காகிதம் ஏதும் தேவைப்பட்டா அந்தப் பிள்ளையிட்டைப் போ எண்டு. ஏன் எண்டு கேட்டனான். நடந்ததை எல்லாம் சொன்னவர். நான் அவளுக்குச் செய்யேல்லை, ஆனா அவள் உனக்குச் செய்வாள், மாட்டன் எண்டு சொல்லத் தெரியாது அவளுக்கு எண்டவர்."

அண்ணி எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார். அண்ணனும் எல்லாம் தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார். பத்து வருஷம் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், நான் எப்படிப்பட்டவள் என்பதை மட்டும் சரியாக எடைபோட்டு வைத்திருந்து, கடைசியில் அதையும் தனக்கே பயன்படுத்திக்கொண்டு போயிருக்கிறார்.

காத்தோங் பஸ் வந்தது.

"வீட்டை வந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ பிள்ளை" என்றார் அண்ணி.

"இன்னொரு நாள் வர்றேன் அண்ணி" என்றேன்.

அவரைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரமாக உட்காரவைத்து, காகிதத்தைப் பையில் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு நான் காத்தோங் பக்கம் போகவே இல்லை.